எட்டாவது துணித்துண்டு

பதினோராவது கொத்து விழுந்ததும் சிவசங்கரி நோட்டில் ஒரு கோடு போட்டாள். குஞ்சு கத்திக்கொண்டே வாசலைக் கடந்து ஓடி வந்து, அவளுடைய வலது செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏழு வாரக் குஞ்சு. அடைக்கோழி பொரித்தவற்றைக் கூட்டிக்கொண்டு எழுந்து போன பிறகு, கூடையில் மிச்சம் கிடந்த ஒற்றை முட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சிவசங்கரிதான் எடுத்தாள். பழைய பனியனில் பொதிந்து, அட்டைப்பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டு, உள்ளங்கையில் நொய் வைத்து வளர்த்தாள். தாய் என்றால் அதற்கு நீல ரப்பர் செருப்புதான். அவள் குளிக்கப் போனால் கத்தும், கடைக்குப் போனால் கத்தும். வேறு யார் தீனி வைத்தாலும் தொடாது. கூடப் பொரிந்த குஞ்சுகள் பருந்துக்கும் கீரிக்கும் போய், மிஞ்சியது இது ஒன்றுதான்.

இப்படியே விட முடியாது. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் பத்தாம் வகுப்புக்குப் போன வாரம் முழுவதும் அவள் போகவில்லை. இன்றும் வராவிட்டால் பரீட்சைக்குப் பெயர் அனுப்ப முடியாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். ‘குஞ்சு கத்துதுங்க டீச்சர், அது மத்த கோழியோட சேந்ததும் வாறேன்’ என்று போனில் சொல்லியிருந்தாள். பொய் இல்லை. ஆனால் முழுக்க மெய்யா என்று அவளுக்கே சந்தேகம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரளத்துப் பெருமாட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கடைசியாக வகுப்புக்குப் போன அன்று எழுந்து நின்று வாசித்தபோது பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ‘மறுநாளிலிருந்து குஞ்சு அதிகம் கத்துகிறது’ என்று நோட்டில் எழுதி, அந்த வரியை அடித்துவிட்டாள்.

குஞ்சைச் சேர்க்க அவள் ஒழுங்காகத்தான் எல்லாம் செய்தாள். ஆறு நாள் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து வாசல் நடுவில் வைத்து, கோழிகள் வெளியிலிருந்து பார்த்துப் பழகட்டும் என்று விட்டாள். ஏழாம் நாள் மாமியார் முத்தாத்தாள் குஞ்சைத் தூக்கி ஆட்டுக்கல்லை மூன்று சுற்றுச் சுற்றினாள். தன் பழைய சிவப்பு ரவிக்கையில் ஒரு துண்டு கிழித்து அதன் காலில் கட்டினாள். தோப்பில் பக்கத்து வீட்டுச் சூசையப்பனின் கோழிகளும் மேயும். அவற்றுக்குப் பச்சைத் துணி, இவற்றுக்குச் சிவப்பு.

“முடிஞ்சுது போ. இனி இது இந்த ஊட்டுக் கோழி” என்றாள் முத்தாத்தாள்.

ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இன்றோடு மூன்று நாள்.

“ஏனம்மிணி, கோழிக்கு ரேங்க் கார்டு எழுதறயா?”

“எத்தன தடவ கொத்துதுன்னு பாக்கறனுங்கத்தை.”

“நீ எழுதுனாக் கொத்தாம உட்ருமா? செருப்பக் கழட்டி அட்டத்துல வீசிப்போட்டுக் கெளாஸுக்குக் கெளம்பு. தன்னால சேந்துக்கும்.”

“செத்துப் போச்சுன்னாங்கத்தை?”

“செத்தாக் கொழம்பு.”

சொன்ன வாயோடு முத்தாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு பிடி நொய்யைக் குஞ்சின் பக்கமாக இறைத்தாள். குஞ்சு திரும்பிப் பார்க்கவில்லை.

சிவசங்கரி நோட்டைப் புரட்டினாள். எப்போது, எந்தக் கோழி, எங்கே என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தியில் கால், கால், கால் என்றே இருந்தது. மூன்று நாளாகத் தன் கையால் எழுதியதைத் தான் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புதுக் கோழியை விரட்டுகிற கோழி தலையில்தான் கொத்தும்; இங்கே தலையில் ஒரு கொத்துகூட இல்லை. தப்பாக எழுதியிருப்போமோ? குஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். கொண்டையில் கீறல் இல்லை. துணி மட்டும் நார்நாராகத் தொங்கியது, அப்போதும் ரத்தச் சிவப்பாக. பெரிய கோழிகளின் காலைப் பார்த்தாள். அதே ரவிக்கைத் துணிதான், வெயிலிலும் சேற்றிலும் ஊறி மண்ணோடு மண்ணாக நிறம் செத்துக் கிடந்தது.

அவளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. திண்டில் கிடந்த மிச்சத் துணியில் விரல் நீளம் கிழித்து வாசலில் போட்டாள். ஏழும் பாய்ந்து வந்தன. சேவல் அதைக் கவ்விக்கொண்டு தென்னை மரத்தைச் சுற்றி ஓட, பெட்டைகள் விடாமல் துரத்தின.

“அட கெரகமே, புழுன்னு நெனச்சுதுகளா!” முத்தாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அதுகளுக்குக் குஞ்சு மேல கோவமே இல்லயா? அவுத்துப் போடு அம்மிணி.”

“அவுத்துட்டா நாளைக்கு நம்முளுதுன்னு எப்படிச் சொல்றதுங்க?”

முத்தாத்தாள் யோசித்தாள். “அதுவுஞ் சரிதான். சூசையப்பன் ஊட்டுக்காரி சும்மாவே கண்ணு வெக்கறா.”

சிவசங்கரி தொட்டியடிச் சேற்றில் கொஞ்சம் சாணியைக் கரைத்து, குஞ்சின் காலை அதில் முக்கி, துணியை விரலால் பிசைந்து பிசைந்து நிறம் போக்கினாள். இறக்கிவிட்டதும் மூத்த கோழி வந்து தலையில் நறுக்கென்று ஒன்று வைத்தது. அவள் பென்சிலை எடுத்தாள்.

“அத எழுதாத” என்றாள் முத்தாத்தாள். “புதுசா வந்தா அந்த ஒண்ணு உண்டு. உனக்கும் விழுந்துது, எனக்கும் விழுந்துது.”

மணி ஐந்தேகால். நீலச் செருப்பை அட்டத்துப் பரணில் போட்டுவிட்டு, விசேஷத்துக்குப் போடும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தோப்பு வரப்பு முடியும்வரை பின்னால் கத்தல் கேட்டது. திரும்பினால் போகமாட்டோம் என்று தெரிந்து திரும்பவில்லை.

வகுப்பில் அவள் முறை வந்தது. எழுத்துக்கூட்டினாள். பின்னால் ஒருத்தி சிரித்தாள். போன தடவை போல இரண்டு பேரா, ஒருத்தியா என்று மனம் தன்னால் எண்ணியது, ஒருத்திதான். பத்தி முடியும்வரை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

எட்டேகாலுக்கு வீடு திரும்பியபோது முத்தாத்தாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “ஆறரைக்குங் கத்திட்டுத்தான் இருந்துச்சு. ஆறே முக்காலுக்கு நிப்பாட்டிருச்சு. உன்ற நோட்டுல எழுதிக்க.”

சிவசங்கரி டார்ச்சை விரலால் பாதி மறைத்து, கூட்டின் அடியிலிருந்து அடித்தாள். குறுக்குக் கழியில் உடம்போடு உடம்பு ஒட்டிய இறகுகளுக்குக் கீழே துணிகள் தொங்கின. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். மூத்த கோழி வெளிச்சம் பொறுக்காமல் முணுமுணுத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தது. அதன் வயிற்றடியிலிருந்து, மற்றவற்றைப் போலவே சேற்று நிறத்தில், எட்டாவது நுனி வெளியே சரிந்து லேசாக ஆடியது.