சொந்த வீட்டுச் சீலிங்

அந்தத் தெருவில் அவரை அண்ணாந்தார் என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருஷமாக ஏணியில் நின்று சீலிங்கையே பார்த்துப் பார்த்து, தரையில் நடக்கும்போதும் முகவாய் சற்று மேலே தூக்கியே இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள், மனுஷனுக்கு என்ன திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். திமிராவது ஒன்றாவது, கழுத்து வலி.

சீலிங் வழிப்பது அவர் தொழில். ஒரு காலத்தில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் சீலிங்கில் சொரசொரவென்று ஒரு கலவையைப் பீய்ச்சிவிட்டார்கள். கீறல் தெரியாது, சத்தம் எதிரொலிக்காது என்று பெருமை வேறு. பிறகு அதே ஆட்கள், "என்னங்க இது, அம்மைத் தழும்பு மாதிரி" என்று முகம் சுளித்து இவரைக் கூப்பிட்டார்கள். இவர் ஏணியும் அகலமான கரண்டியுமாகப் போய், எல்லாவற்றையும் வழித்துத் தள்ளி வழவழப்பாக்கிவிட்டு வருவார். ஆனால் அவர் வீட்டுப் படுக்கையறைச் சீலிங் மட்டும் தழும்போடேயே இருந்தது. மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "அடுத்த மாசம்" என்பார். அந்த அடுத்த மாசம் வருவதற்குள் மகளுக்குக் கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்துவிட்டது.

இப்போது மனைவி அந்தச் சீலிங்குக்கு நேர் கீழே படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கியது.

முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா எங்கயாவது வேலை பார்த்தாங்களா?"

"இல்லைங்க, வீட்லதான்."

"நீங்க என்ன வேலை?"

சொன்னார். டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"அந்தக் காலத்துச் சீலிங் கலவைல கல்நார், அதாங்க ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருப்பாங்க. அந்தத் தூசி உள்ள போனா பல வருஷம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். வேலை முடிஞ்சு வந்தா உங்க துணிய யார் தோய்ப்பா?"

அவள்தான் தோய்ப்பாள். மாஸ்க் இல்லாமல் ஒரு நாளும் அவர் ஏணி ஏறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மாஸ்க்கை வேலையிடத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு, அதே தூசிச் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுவார். பின்வாசலில் அவள் காத்துக்கொண்டு நிற்பாள். "வாங்க, மாவு மில் முதலாளி" என்று சட்டையை வாங்கி, சுவரோரமாக நின்று படார் படாரென்று உதறுவாள். உதறாமல் தோய்த்தால் வாளியடியில் சேறாகத் தங்கிவிடுகிறது என்பாள். அவள் தலையெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். "பாருங்க, உங்களுக்கு வாக்கப்பட்டு எனக்கு இப்பவே நரைச்சிடுச்சு" என்று சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

அவர் நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. அது அவருக்குச் சந்தோஷமாக இல்லை, அவமானமாக இருந்தது.

அவளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்று முடிவு கட்டினார். டாக்டரிடம் கெஞ்சினார். மகளிடமும் மூச்சு விடவில்லை. எத்தனை நாள் இருக்கப் போகிறாளோ, இருக்கிற வரைக்கும் தன் முகத்தைப் பழைய மாதிரியே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். அதற்கு மேல் எதற்கும் அவர் ஆசைப்படவில்லை.

மழைக்குச் சீலிங் ஓரம் ஊறி, ஒருநாள் அவள் போர்வைமேல் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. அவர் பதறிப்போய் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார்.

"என் தலை மேலயே உதிருது. எப்பத்தான் வழிப்பீங்க? நான் போன பிறகா?" என்றாள்.

"வழிக்க வேணாம். பலகை அடிச்சு மூடிடறேன்."

"ஊருக்கெல்லாம் வழிப்பீங்க. வீட்டுக்கு மட்டும் மூடி மறைப்பா?" அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மகள் வந்தாள். கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். படுக்கையறைக் கதவு இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாளை ஒட்டினார். சீலிங்கில் பூமழை மாதிரி தண்ணீர் தெளித்து, ஒரு பொட்டுத் தூசி பறக்காதபடி ஜிப்சம் பலகைகளை ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து நிறுத்தித் திருகாணி முடுக்கினார். தொழிலில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிதானமாக அவர் எந்த வீட்டிலும் வேலை செய்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்தபோது சீலிங் பளிங்கு மாதிரி இருந்தது. பலகை இடுக்குகளில் பூசிய பூச்சு காய்ந்ததும் நாளைக்கு அவளை இங்கே படுக்க வைக்கலாம்.

படுக்கையறையின் வெளிக்கதவைத் திறந்து கொல்லைப்பக்கம் வந்தார். சட்டையை மெல்லக் கழற்றிச் சுருட்டி, தயாராக வைத்திருந்த வாளித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி அடங்கும் வரை கையை எடுக்கவில்லை. தலையிலும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டார்.

எல்லாம் யோசித்தவர் ஒன்றை மறந்துவிட்டார். முன்னறைக் கட்டிலில் படுத்தால் பின்வாசல் நேராகத் தெரியும்.

துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவரை அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, சட்டைய எதுக்கு வாளில அமுக்கினீங்க?"

"தூசி. அதான்."

"இத்தனை வருஷமா இல்லாத தூசியா?"

அவர் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். அவள் அவர் கையை விலக்கினாள்.

"நான் உதறித்தானே தோய்ப்பேன்" என்றாள் மெல்ல. மூச்சு கரகரத்தது. "டாக்டர் சொன்னாரா?"

"ம்."

"எப்ப?"

"முதல்லயே."

அவள் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாளித் தண்ணி" என்றாள். "அவ்வளவுதானா."

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளோ வேறு எதையோ எண்ணி முகம் வெளிறினாள்.

"சின்னதுல பொண்ணு என் பக்கத்துலயே நிப்பாளே. நான் உதற உதற, பனி கொட்டுதுன்னு குதிப்பாளே."

இது அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை. ஸ்கேன், மருந்து, பலகை, பிளாஸ்டிக் தாள் என்று அலைந்ததில் ஒருநாளும் தோன்றவில்லை.

சமையலறையிலிருந்து மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்குப் போனாள். வாளியைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சட்டைய இப்படியே போட்டுட்டீங்க? நான் அலசிப் போடறேன்" என்று குனிந்தாள்.

"தொடாதடி!"

அந்த உடம்பில் அவ்வளவு குரல் மிச்சமிருந்தது இருவருக்கும் தெரியாது. மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கட்டிலில் கிடந்தவள் மூச்சைப் பிடித்துப் பிடித்து மீதியையும் சொல்லி முடித்தாள்.

"நீ உள்ள வா. அவரே தோய்க்கட்டும்."

அவர் கொல்லைக்குப் போனார். வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சோப்பு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.