மத்தியான ஆள்

எண்பத்து மூன்றில் மழை பொய்த்து, மலையில் ஏலச்செடி கருகிப்போனது. போடியில் நாங்கள் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கிய கிட்டங்கிக்கு லோடு பாதிதான் வந்தது. நாற்பது பெண்களில் இருபது பேரை நிறுத்தப்போவதாக முதலாளி சொன்னார். லேபர் ஆபீசர் வந்து வேறு ஏற்பாடு செய்தார். யாரையும் நிறுத்த வேண்டாம். இரண்டு பேருக்கு ஓர் இடம்; ஒருத்தி காலையில், ஒருத்தி மத்தியானம். குறைகிற சம்பளத்தில் ஒரு பங்கைச் சர்க்கார் தரும். ஜோடியில் ஒருத்தி நின்றுவிட்டால் மறுநாளே வேறு ஆளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த இடமே போய்விடும். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அடுப்பு எரிவது என் கையால்தான்.

எனக்கு ஜோடி முத்துப்பேச்சி. சிலமலையில் பக்கத்து வீடு. பதினோரு வருஷம் ஒரே பஸ்சில் வந்து, ஒரே சாக்கில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே பொறுக்கினோம். வாய் ஓயாது அவளுக்கு. இப்போது நான் எழுந்திருக்கிற நேரம் அவள் உட்கார வருவாள்.

"சாக்கு சூடா இருக்கா, மதினி?"

"ஒனக்குன்னுதான் சுட வச்சிருக்கேன், உக்காரு."

பேச்சு அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அதுவும் நின்றுபோனது. எனக்கு அதில் வருத்தம்கூட இல்லை. வேளைக்குச் சோறு இறங்கியது, படுத்தால் தூக்கம் வந்தது.

மாசி மாதம் அவள் காய்ச்சலில் விழுந்தாள். நாலு நாள் அவள் பங்கையும் நானே பொறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு யாரைக் காட்டுவது என்பதே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"கூட வேல பாத்தவ, கல்லாட்டம் உக்காந்திருக்கா பாரு" என்றாள் ஒருத்தி.

முத்துப்பேச்சி மகள் வேலுத்தாய் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பிணம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. வெட்கம்கெட்டுத்தான் கேட்டேன்.

"ஆத்தா, வேலுத்தாயி... நாளைக்கு மத்தியானம் நீ வர்றியா? ஆள் காட்டலேன்னா எடம் போயிரும்."

அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

"பேரு குடுத்தாச்சு, ராக்கு அத்தே. மொதப் பஸ்சுல போயி கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை வீட்லயே சொல்லிட்டேன்."

"மொதப் பஸ்சுலயா? அப்ப ஒங்கம்மா?"

"விடியுறதுக்கு முன்னயே உசுரு போயிருச்சு. வெளிய தெரிஞ்சா வேற யாராச்சும் முந்திக்கிருவாகன்னு, போயிட்டு வந்துதான் அழுதேன்."

இடம் தப்பித்தது என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. அப்புறம்தான் அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது, என்னை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. இரண்டு பேரும் குடத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், முத்துப்பேச்சியைக் குளிப்பாட்டினோம்.