சீரில் வந்த அடுக்குக் குக்கர்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு அடுப்புப் பக்கத்தில் நிற்கப் பொறுமை கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து மூடிவிட வேண்டும். அது தானாக வெந்து, தானாக இறங்கி, தானாகத் தட்டில் வந்து விழ வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே பார்க்கிறவனுக்குச் சந்தேகப் பேர்வழி என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் ரொம்ப நாளாக உண்டு. இருந்தும் ஏமாந்தேன்.

என் மகன் பரசுராமன் கல்யாணத்தில் சம்பந்தி சுப்பராயலு சீராகக் கொடுத்தது ஒரு பித்தளை அடுக்குக் குக்கர். ஆரணி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், பெண்ணுக்கு மட்டமாகவா கொடுப்பார்? அடியில் கரித்தட்டு, அதற்கு மேல் மூன்று அடுக்கு. விடியும்போது கரியைப் பற்றவைத்து, ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் புளிக்குழம்பு என்று வைத்து மூடிவிட்டு மகனும் மருமகள் குணசுந்தரியும் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். அது பாட்டுக்கு மெதுவாக வேகும். பசி எடுத்து எழுந்தால் சோறு தயார். மிஞ்சின குழம்பு அதிலேயே கிடக்கும், ராத்திரிக்கும் அதுதான். எனக்குப் பல் இல்லை. மண்சட்டியில் கேழ்வரகுக் கூழ்தான் என் சாப்பாடு. அதனால் பிழைத்தேன்.

பித்தளைக்கு உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். பூச்சு தேய்ந்தால் புளி பட்டுக் களிம்பு ஏறிவிடும். அந்த வேலையையும் சம்பந்தியே ஏற்றுக்கொண்டார். வருஷா வருஷம் ஆடிக்குப் பெண்ணை அழைக்க வருகிறவர் குக்கரையும் தூக்கிக்கொண்டு போவார். பெண் புதுப்புடவையோடு திரும்பும்போது குக்கரும் புதுப்பூச்சோடு பளபளவென்று வந்து இறங்கும். "பொண்ணு வூட்டு அடுப்பு என் பொறுப்பு சம்பந்தி" என்பார். நானும் தலையாட்டுவேன்.

கொஞ்ச காலமாகவே பரசுராமனுக்கு வயிற்றுவலி. சுருட்டிப் பிடிக்கும். தறியிலிருந்து இறங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பான். குணசுந்தரிக்கும் அவ்வப்போது வரும். ஆடிக்குத் தாய்வீடு போனால் தேறுவாள், திரும்பி வந்த சில நாளில் மறுபடியும் ஆரம்பிக்கும். "அம்மா வூட்டுச் சோறுன்னா வயிறுகூட அடங்கிக்குது பாரு" என்று தெருப் பெண்கள் கேலி பேசினார்கள். சூடு என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்தோம்.

பிறகு ஒருநாள் தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுத்த வலதுகை அப்படியே தொங்கிவிட்டது. விரல் மடங்குகிறது, மணிக்கட்டு நிமிரவில்லை.

"நைனா, கை என் பேச்ச கேக்கமாட்டேங்குது" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

நெசவாளிக்குக் கை போனால் வேறென்ன மிச்சம்? நெய்யப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி வந்து பார்த்தார். ஐயோ பாவம் என்றார். தறியில் புடவை பாதியில் நிற்கும்போதே அடுத்த பாவை முள்ளிப்பட்டு ஊர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

வேலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், மறுபடி வரச் சொன்னார். போனபோது, "ஒடம்புல காரீயம் ஏறியிருக்கு. எதுல சமைக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "அத மொதல்ல நிறுத்துங்க. பூச்சுல காரீயம் கலந்தா, புளி அத இழுத்துக்கினு வந்துடும். மெதுவா வேகவச்சு, அதுலயே ஊறவும் வச்சா கேக்கவே வேணாம். மண்சட்டி, இல்லன்னா எவர்சில்வர்ல சமைங்க."

"கை வருமா?"

"வரலாம். நாளாகும்."

டாக்டர் என்றால் எதையாவது சொல்லத்தானே வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கழிவுப் பட்டில் வெள்ளையாக ஒரு பிடி எடுத்துக் குக்கரின் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். கரி படாத மேல் அடுக்கைத்தான் துடைத்தேன். பட்டு பென்சில் கிறுக்கியது போல் ஆயிற்று. சுத்தமான வெள்ளீயம் இப்படிக் கருக்காது. குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

அவர் கடையில் இருந்தார். சம்பந்தியம்மா ரேணுகாம்பாள், "வாங்கண்ணா, சாப்ட்டு பேசலாம். அவரும் வர நேரந்தான்" என்று இலையைப் போட்டுவிட்டாள். சோறு எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து வந்தது. குழம்பு மண்சட்டியிலிருந்து வந்தது.

"பாத்திரக்கடைக்காரர் வூட்ல மண்சட்டியா?" என்றேன்.

"அத ஏன் கேக்குறீங்க! பித்தளைய அடுப்புல ஏத்தவே கூடாதுன்னு ஆர்டர். மூணு வருஷமா எல்லாம் பரணைல தூங்குது. ஏன்யான்னு கேட்டா, 'இப்ப பூசறதுல சுத்தமில்லடி, காரீயம் கலக்குறோம்'னு சிரிச்சிகினே சொல்றாரு."

சொன்னவள் நிறுத்தினாள். கரண்டி கையிலேயே நின்றது. பையிலிருந்து எட்டிப்பார்த்த குக்கரைப் பார்த்தாள்.

"அண்ணா... குணா குக்கர்லயுமா?"

கையை உதறிவிட்டு எழுந்தேன். அப்போதுதான் சுப்பராயலு உள்ளே வந்தார்.

"அடடே சம்பந்தி! இன்னா இது, பாதி சாப்பாட்டுல?"

"என் பையன் கை தொங்கிப்போச்சு."

"கேள்விப்பட்டேன். ஆண்டவன்தான்..."

"ஆண்டவன இழுக்காதீங்க. இதுல இன்னா பூசினீங்க?"

அவர் குக்கரைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தார். "வெள்ளீயம் விக்கிற வெலயில கலக்காம பூசறவன் பஜார்ல எவன் இருக்கான்? எல்லாருந்தான்..."

"உங்க வூட்ல மட்டும் மண்சட்டி."

"ஐயோ, குணா குக்கருக்குத் தனியா சுத்தமானதே போடச் சொன்னேன். பூசற அய்யாக்கண்ணு இன்னா பண்ணித் தொலைச்சானோ. அவ எனக்குப் பொண்ணு இல்லயா? நான் செய்வனா?"

"கூட நின்னு பாத்தீங்களா?"

"கடையில ஆளுங்க நின்னுகினு இருக்கும்போது எப்படிங்க..."

"பொண்ணு தலைமேல சத்தியம் பண்ணுய்யா" என்றாள் ரேணுகாம்பாள்.

சுப்பராயலு சத்தியம் பண்ணவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்க் காகிதம் பிரிக்காத எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்து வந்தார்.

"இத எடுத்துக்கினு போங்க சம்பந்தி. களிம்பு ஏறாது, பூச்சே தேவயில்ல. ஆயுசுக்கும் தாங்கும். டாக்டருங்களே இதத்தான் சொல்றாங்க."

காகிதத்தைக் கிழித்து உள்ளே பார்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது.

"இதுல இன்னா கலந்திருக்குன்னு எந்த வருஷம் சொல்வீங்க?" என்றேன்.

பாத்திரத்தை அவர் கையிலேயே திணித்தேன். பித்தளைக் குக்கரை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"நம்புங்க சம்பந்தி!" என்று வாசல் வரை வந்தார். "அந்தக் குக்கருக்கு மட்டும் சுத்தமானதுதான் சொன்னேன்! வேணும்னா அய்யாக்கண்ணுவையே கூப்ட்டுக் கேளுங்க!"

அய்யாக்கண்ணு அவரிடம் கூலி வாங்குகிறவன். அவன் என்ன சொல்வான்? சுத்தமானதைப் போடச் சொல்லியும் இருக்கலாம் இவர். யார் கண்டது? எனக்கு அப்படிப் படவில்லை. தெருமுனை திரும்பியபிறகும் அவர் கூப்பிடுவது கேட்டது. நான் நடந்துகொண்டே இருந்தேன்.