மாவுக்குக் கம்பளி

ஹீட்டர் இருந்த இடத்தில் கேசட் பிளேயர் இருந்தது. பனி கொட்டும் ஜப்பானிலிருந்து கப்பலேறி ரங்கூன் வந்த கிழட்டு வேன் அது. வாங்கிய வாரமே என் வீட்டுக்காரர் தியாகராசன், "ரங்கூன்ல எவனுக்குச் சூடு வேணும்? வேர்வையிலதான குளிச்சிக்கிட்டிருக்கோம்" என்று ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாட்டுப் பெட்டியை மாட்டினார். இப்போது கலோ மலைப்பாதையில், தை மாதக் குளிரில், இருவரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்னால் வளைவில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. விடிந்தால்தான் வழி கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் கலோவில் கல்யாணம், டிபன் எங்கள் பொறுப்பு. ரங்கூன் தாமுவே பேட்டையில் இத்தனை வருஷம் இட்லிக் கடை நடத்தியும் வெளியூர் விருந்து இதுதான் முதல். மலையில் இட்லி கல்லாகத்தான் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்களாம். எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடுகிற வேனிலேயே அரிசியை ஊறவைத்து, அடிவாரத்து ஊரில் தெரிந்தவர் வீட்டு கிரைண்டரில் அரைத்து, பெரிய பாத்திரத்தில் ஏற்றி வந்தோம். மாவு பொங்கச் சூடு வேண்டும். இருந்ததோ இரண்டே கம்பளி. இரண்டையும் பாத்திரத்துக்குச் சுற்றிவிட்டார் மனுஷர். தாலி கட்டிக்கொண்ட எனக்குப் பழைய கைலி!

சற்று நேரத்தில் பின்னாலிருந்து கரி அடுப்பை இழுத்தார்.

"உள்ளயே பத்தவெச்சுக்குவோம் தங்கம். கதவச் சாத்திட்டா கும்முனு இருக்கும்."

"கும்முனு போய்ச் சேந்துடுவோம். மழைன்னு கடைக் கதவச் சாத்திட்டுக் கரி போட்டு நான் மயங்கி விழுந்தேனே, மறந்துபோச்சா? கீழ வைங்க."

"மாவு செத்துடும்டி."

"நாம செத்தா இட்லிய யாரு ஊத்துறது?"

அடுப்பு பின்னால் போயிற்று. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது, கால்விரல்கள் இருப்பதே தெரியவில்லை. பந்திக்குக் கொண்டுவந்த வாழையிலைக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினேன், கண்ணாடிகளை மறைத்துச் சொருகினேன். மூச்சு முட்டாமலிருக்க ஒரு கண்ணாடியை மட்டும் விரலளவு இறக்கிவைத்தேன். காலியான அரிசிச் சாக்குக்குள் ஆளுக்கு இரண்டு காலையும் விட்டுக்கொண்டோம். அப்புறம் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடும் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்படி வாங்க. அந்தப் பக்கம் நீங்க கட்டிப்பிடிங்க, இந்தப் பக்கம் நான். மூணு பேருக்கும் சேத்துப் போத்துவோம்."

"இலை இடுக்கு வழியா பக்கத்து வண்டிக்காரன் பாக்குறான்."

"பாக்கட்டும். மாவத்தான கட்டிப்பிடிக்கிறீங்க."

பாட்டுப் போட்டால் பேட்டரி போய்விடும் என்பதால் அவரே பாடினார். பல் தந்தியடிக்க அடிக்கப் பாடியதில் எந்தப் பாட்டு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் கல்யாணமான புதிதில்கூட இத்தனை நேரம் நாங்கள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து சிரித்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்த களைப்பில் கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது இலைகளின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. வெளியே கண்ணாடியில் உப்புப் படிந்தாற்போல் வெள்ளை. சாக்குக்குள் விரல்களை அசைத்தேன், பத்தும் அசைந்தன. அப்போது என் நெஞ்சருகே ஏதோ மெல்ல முட்டியது. பாத்திரத்தின் மூடி. புளித்த வாசனை வேன் முழுக்க நிறைந்திருந்தது.

லாரியை ஓரம் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஹாரன்மேல் ஹாரன். அவர் அசையவில்லை. இரண்டு கையாலும் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வாய் பிளந்து தூங்கினார். மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிய மாவு அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.