நாடா கட்டாத கை

மலைப்பாதை சைக்கிளை டெஸ்ட் ரைடு எடுப்பவர்கள், திரும்பி வரும்வரை வீட்டு ஆள் ஒருவரைக் கடையில் விட்டுவைக்க வேண்டும். நான் அப்பாவை அழைத்துப் போயிருந்தேன்.

கடை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. மெக்கானிக் போஜன் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். சுவரில் சைக்கிள்கள் தொங்கின. சிலவற்றின் ஹேண்டில்பாரில் சிவப்பு நாடா இருந்தது.

“நாடா இருந்தா அதுக்கு ஆள் இருக்குன்னு அர்த்தம். இல்லாதத யார் வேணா ஓட்டிப் பாக்கலாம்” என்றார் போஜன். என்னிடம் ஒரு நாடாவைக் கொடுத்தார். “அப்பாவுக்குக் கட்டிடுங்கம்மா.”

அப்பா கையை நீட்டினார். அவர் கையைத் தொட்டு எனக்குப் பழக்கமில்லை. நாடாவை அவர் மடியில் வைத்தேன்.

“வரேன்ப்பா.”

“ம்.”

நீட்டிய கையை அவர் உடனே மடக்கவில்லை.

பாதை கடையின் பின்கதவில் தொடங்கி முன்கதவில் முடிகிறது. இரண்டும் ஒரே உயரம். ஆனால் வழி முழுக்க இறக்கம். நான் இயற்பியல் படித்தவள். கொஞ்சம் யோசித்தேன். பிறகு பிரேக்கைப் பிடித்தேன்.

தேயிலைச் சரிவு முடிந்ததும் பாதை எங்கள் வீட்டு நடைக்குள் நுழைந்தது. முன்பைவிட நீளமாகியிருந்தது. சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“செயின்ல சத்தம் வருதுடி.”

“தெரியும்மா.”

“அப்பா எங்க?”

“கடைல.”

“நாடா கட்டினியா?”

அதற்குள் நான் கொல்லைக்கதவைத் தாண்டிவிட்டேன்.

கடைக்குத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

“அப்பா எங்கண்ணா?”

“ஒரு பொண்ணு ஓட்டிப் பாக்கக் கூட்டிட்டுப் போயிருக்குது. கையில நாடா இல்லீங்களே.”

“மடில வெச்சேனே.”

“மடில வெச்சா? நாங்க என்ன நாடாவ சைக்கிள் சீட்டு மேலயா வெச்சுட்டுப் போறோம்?”

“அவர் என் அப்பாண்ணா.”

போஜன் நான் கொண்டுவந்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றினார். செயின் பல்லில் உட்காராமல் தாவியது.

“பாத்தீங்களா? பன்னெண்டு கியர் பல்சக்கரம். செயின் பதினொரு கியரோடது. ரெண்டுமே நல்ல சாமான்தான். சேராது.”

“எனக்கும் அப்பாவுக்கும் இத்தனை வருஷம் ஓடுச்சே.”

“ஓடும். தாவித் தாவி ஓடும். வீட்ல ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?”

“பேசுவோம்.”

“எப்ப?”

“கரண்ட் போனா.”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டா அப்பா உங்களுக்குத்தான். உக்காருங்க.”

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் சூடாக இருந்தது. சரிவிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது. அப்பாவின் சிரிப்பு எனக்குத் தெரியாது. இருமல் தெரியும். சிரித்ததும் அதே தொண்டைதான்.

முன்கதவு வழியாக வந்தார்கள். அந்தப் பெண் ஓட்டினாள். அப்பா முன்கம்பியில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தார். நாடா அவர் சட்டைப்பையில் இருந்தது.

“எப்படிங்க இருக்குது?” என்றார் போஜன்.

“சூப்பர்ண்ணா. தாவவே இல்ல. வழி பூரா பேசிட்டே வந்தாரு.”

“என்ன பேசினார்?” என்று கேட்டேன்.

“உங்களப் பத்தித்தான்க்கா. பிசிக்ஸ்ல யுனிவர்சிட்டி ரேங்காமே?”

பேசிக்கொண்டே அவள் நாடாவை உருவினாள். அப்பா கையை நீட்டினார். அவள் பார்க்காமலேயே முடிச்சுப் போட்டாள்.

அப்பா என்னிடம் திரும்பினார்.

“நீ எப்படிப் போவ?”

“பஸ்ல.”

“குடை?”

“இருக்கு.”

“ம்.”

அவர்கள் போனார்கள். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. கொஞ்ச தூரம்வரை சிவப்பு நாடா தெரிந்தது.

“அந்த நாற்காலில ரொம்ப நேரம் உக்காராதீங்கம்மா” என்றார் போஜன். “ஓட்டிப் பாக்க ஆளுங்க வர்ற நேரம்.”

நான் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி வைத்துக்கொண்டேன்.