நீல நாடாவுக்கு இந்தப் பக்கம்

எர்மினியா காப்பிக் கோப்பையை நீட்டியபோது, அதை வாங்க வேண்டிய கை வரவில்லை.

தினமும் காலை ஒன்பதேகாலுக்கு, தம்பி கொன்சாலோ வீட்டிலிருந்தே லேப்டாப்பில் நடத்தும் இரண்டாவது வகுப்புக்கு நடுவில், சமையலறைத் தரையில் ஒட்டியிருந்த நீல நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று கையை மட்டும் நீட்டுவாள். நாடாவைத் தாண்டினால் கேமராவில் விழுந்துவிடுவாள். பள்ளிக்கூடம் வகுப்பைப் பதிவு செய்து வைக்கிறது, அதை யார் யார் பார்ப்பார்களோ. நாடாவை ஒட்டியவளே அவள்தான். அரிசோனா முழுக்கச் சிதறிக் கிடந்த இருபத்தாறு பிள்ளைகளுக்கும் அவள் முகம் தெரியாது. மணிக்கட்டில் தீக்காயத் தழும்புள்ள அந்தக் கை மட்டும் தெரியும். "சார், கை வந்துடுச்சு" என்று டக்ளஸ் ஊரிலிருந்து நயேலி என்கிற பெண் அறிவிப்பாள். மற்றதுகள் சிரிக்கும்.

"ஒரு நாள் உன்ன இவங்களுக்குக் காட்டணும்க்கா. நான் நடத்துற பாடத்துல பாதி நீதானே" என்பான் கொன்சாலோ.

"நான் செத்தப்பறம் காட்டு."

ஒரே தாய் வயிறுதான். ஆனால் அவள் மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து ஒன்பது வயதில் தூக்கி வரப்பட்டவள். அவன் இந்தப் பக்கம் பிறந்தவன். அவனுக்குக் கடவுச்சீட்டு இருந்தது, அவளுக்கு ஞானஸ்நானச் சீட்டைத் தவிர ஒரு காகிதமும் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதிலும் வாசல் மணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள்.

அன்று பாடம், 1930களில் ரயில் ரயிலாக மெக்சிகோவுக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்களைப் பற்றியது. இங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள் என்று அவன் சொன்னதும் நயேலி குறுக்கே விழுந்தாள்.

"அப்போ நான் யாரு சார்? மெக்சிகோவுல இருக்கற மாமா பசங்க என்னைய வெள்ளக்காரிங்கறாங்க. இங்க கடையில நின்னா, உன் ஊருக்குப் போங்கறாங்க. ஸ்கூல் ஃபாரத்துல எந்தக் கட்டத்துல டிக் போடறது?"

"கட்டம் பத்தலன்னா கட்டத்துக்கு வெளிய எழுது" என்று சிரித்தான் கொன்சாலோ. அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. நெஞ்சில் கை வைத்தான். நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்தான்.

"சார்? சார், என்னாச்சு?"

எர்மினியா நீட்டிய கோப்பையோடு நாடாவுக்கு இந்தப் பக்கமே நின்றாள். இரண்டு மூச்சு நேரம் நின்றிருப்பாள். பிறகு எட்டி, முதல் காரியமாக லேப்டாப்பை மூடினாள். அதற்கப்புறம்தான் தம்பியைத் தொட்டாள். அந்த வரிசையை அவளால் பிறகு எப்போதும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கான மூன்று எண்களையும் அழுத்திவிட்டாள். பச்சைப் பொத்தான்மேல் விரல் போகவில்லை. யார் பேசறீங்க என்று கேட்பார்களே. மாதாவே, யார் பேசறீங்க என்றுதானே முதலில் கேட்பார்கள். தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லிச் சொல்லி அழைத்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி, பள்ளிக்கூடம் சொல்லி, ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. கூடவே போலீஸ்காரர் ஒருவரும் வந்தார்.

சின்ன வயதுக்காரர். அதட்டக்கூட இல்லை. "நீங்க இவருக்கு என்ன வேணும்மா?" என்றுதான் கேட்டார்.

"வீட்டு வேலைக்கு வரவ."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பயம் வந்தால் கூடப் பிறந்தவனும் பறந்துவிடுவான் போலிருக்கிறது. மூடிய வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போனபோது, வேலைக்காரிக்கு வண்டியில் என்ன இடம்? அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

சியாட்டிலிலிருந்து கொன்சாலோவின் மகள் மரிபெல் வந்தாள். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"விழும்போதே உயிர் போயிடுச்சாம் அத்தே. டாக்டர் சொன்னாரு. நீங்க போன் பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

எர்மினியா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஆனா போலீஸ் ரிப்போர்ட்ல வேலைக்காரின்னு இருக்கு. இப்ப மாத்தினா, அன்னிக்கு ஏன் பொய் சொன்னீங்கன்னு கேப்பாங்க, அப்புறம் ஒண்ணொண்ணா தோண்டுவாங்க. சடங்குல நீங்க காப்பி மேசைகிட்டயே இருங்க. சவப்பெட்டிகிட்ட வரவே வேணாம், அங்க லேப்டாப் வெக்கறாங்க, வர முடியாத பசங்க பாக்கறதுக்கு. எல்லாம் பதிவாகும்." மரிபெல்லின் குரல் உடைந்தது. "அப்பா போயிட்டாரு. உங்களையும் அந்தப் பக்கம் அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"செபம் முடிஞ்சதும் பெட்டிய மூடிடுவாங்களா?"

"ஆமா அத்தே."

அவ்வளவுதான். அவன் முகத்தை இனி அருகில் பார்க்க முடியாது என்பதை அப்படித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

காலை எட்டரைக்கே ஈமச்சடங்கு மண்டபம் நிரம்பியது. எர்மினியா ஏப்ரன் கட்டிக்கொண்டு, இனிப்பு ரொட்டித் தட்டுகளுக்குப் பின்னால் நின்று காப்பி ஊற்றினாள். கதவு திறந்தது. எல்லைக் காவல் படையின் பச்சைச் சீருடையில், இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்தான். அவள் பின்கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். அவன் பெட்டியருகே போய்ச் சிலுவை போட்டான். நேராக அவளிடம் வந்தான். அதால்பெர்த்தோ என்று சட்டையில் பெயர் இருந்தது.

"காப்பி குடுங்கம்மா. டூட்டிக்குப் போற வழியில வந்தேன். சார் வகுப்பறையில வெச்சு நடத்தின காலத்துல அவர்கிட்ட படிச்சவன் நான். இந்தச் சட்டையப் போட்டதும் ஒரு வருஷம் எங்கூடப் பேசல."

அவள் ஊற்றினாள். தட்டில் சிந்தியது.

"நீங்க சொந்தமா?"

"வீட்டு வேலைக்கு இருந்தேன்."

"அப்படியா. அவரு ஒரு அக்காவப் பத்திச் சொல்லுவாரு. யூமாவுல லெட்டூஸ் கீரை வயல்ல இடுப்பொடிய வேல செஞ்சு அவர காலேஜுக்கு அனுப்பினாங்களாம். எங்க அக்காவோட முதுகுலதான் நான் படிச்சேன்டாம்பாரு. பேரு மட்டும் சொல்லவே மாட்டாரு." அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "வந்திருக்காங்களா?"

"தெரியலப்பா."

அவன் காப்பியை ஊதிக்கொண்டே போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தான். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது அவனுக்குக் கோழி கூவியது. இவளுக்கு ஒன்றும் கூவவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்பதேகால் காட்டியது, அவ்வளவுதான். முன்னால் செபமாலையின் கடைசிப் பத்து மணிகளைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு கோப்பையில் காப்பி ஊற்றினாள். பட்டைப் பொடி ஒரு சிட்டிகை, சர்க்கரை இரண்டு கரண்டி. ஏப்ரனை அவிழ்க்கத் தோன்றவில்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். மரிபெல் பார்த்துவிட்டு, வேணாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். பச்சைச் சீருடையைத் தாண்டும்போதும் எர்மினியாவின் கால்கள் நிற்கவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் முக்காலிமேல் லேப்டாப் இருந்தது. அதன் பார்வை படாத பக்கமாகப் போய் நின்றாள். பழக்கம். கையை மட்டும் நீட்டி, பூக்களுக்கு நடுவே கோப்பையை வைத்தாள்.

லேப்டாப்பில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"சார்" என்றது நயேலியின் குரல், மெதுவாக. "கை வந்துடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. செபம் நின்றது. பின்னால் இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, பூட்ஸ் காலை யாரோ ஊன்றி எழுந்தார்கள். எர்மினியா திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்ததும் வழக்கமாக இழுத்துக்கொள்ளும் கை, அங்கேயே இருந்தது.

தம்பியின் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. அதை எடுத்துவிடப் பார்த்தாள். ஒரு கையால் வரவில்லை. ஓர் அடி முன்னால், லேப்டாப்பின் பார்வைக்குள் வந்து, குனிந்து, இரண்டு கையாலும் அதைச் சரி செய்தாள்.