ஆபீஸ் சுவரில் பிள்ளைகள் விடுதி

...இத்தனை சிவப்பாகவா இருந்தது அந்த ஓடு, இல்லை, கறுத்துப் பாசி பிடித்துக் கிடந்தது, வரைந்தவன் நேரில் பார்த்திருக்க மாட்டான், யாரோ சொல்லச் சொல்ல வரைந்திருப்பான், அதனால்தான் கேட் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடக்கிறது, மயிலாள் கைப்பிள்ளையோடு அங்கே போய் நின்ற அன்றைக்கு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தார்கள். பனியன் கம்பெனி ஆபீஸில், மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே எழுதியிருந்ததைப் பக்கத்தில் நின்ற மகள் சாரதாமணி முணுமுணுத்துப் படித்தாள், தர்மப் பிள்ளைகள் விடுதி, 1911. முதலாளியின் தாத்தா கட்டியதாம். தெரிந்திருந்தால் மகளுக்கு வேலை கேட்டு இந்தப் படி ஏறியிருப்பாளா... ஏறித்தான் இருப்பாள், புருஷன் கிட்டுசாமியும் போய்ச் சேர்ந்தபிறகு வேறு எங்கே போவது. ஐம்பத்திரண்டு பஞ்சத்தில் அவர்தான் சொன்னார், "நடக்கறவளக் கூட்டிக்கலாம், தூக்க வேண்டியத உட்டுட்டுப் போலாம், நாலு மாசந்தானே" என்று. விடுதியில் விட்டபோது சின்னவள் மருதாவுக்கு ஒன்றரை வயசு. சாரதாவுக்கு நாலு, அவளுக்கு என்ன நினைவிருக்கப்போகிறது, இன்றுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. தாராபுரம் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைத்துவிட்டுத் தை மாசம் திரும்பி வந்தால், கேட்டில் நின்றவள், "பேதிங்க, ஒரே வாரத்துல ஏழு கொளந்தைங்க போயிருச்சுங்க" என்றாள், எங்கே புதைத்தீர்கள் என்றதற்குப் பின்பக்கமாகக் கையை ஆட்டினாள், அவ்வளவுதான். படத்தில் வராந்தா நெடுகப் பிள்ளைகள், எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டுச் சாயம், கண் இல்லை, மூக்கு இல்லை, மூன்றாவதாக இருப்பது... மருதாவுக்கு நெற்றி மேடா, சப்பையா, ஏன் வரமாட்டேன் என்கிறது அந்த முகம், இடுப்பில் இருந்த கனம் வருகிறது, பிரித்தெடுத்தபோது சேலையைப் பற்றிய பிடி வருகிறது, முகம் மட்டும்...

"உங்களுக்கு எத்தனை கொளந்தைங்கம்மா?" மேனேஜர் வெள்ளியங்கிரி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"ஒண்ணுதானுங்க."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச்சொன்னார், பனியன் மடித்து அடுக்குகிற வேலை. மயிலாள் கும்பிட்டாள், யாரைக் கும்பிட்டாள், அவரையா, அவர் தலைக்கு மேல் இருந்ததையா... வெளியே வெயில். நூல் மூட்டை வண்டி போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். சாரதா தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள், வேலை கிடைத்த சந்தோஷமாக இருக்கும்.

வண்டி போனபிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள், "அந்தப் படத்துல முன்னால ஒரு வேப்பமரம் இருக்கோணுமுங்கம்மா. அதுக்கடியிலதான் என்னைய உக்கார வெச்சுட்டு, பாப்பாவ உள்ள தூக்கிட்டுப் போனீங்க."

பதினாலு வருசம்... ஒண்ணுதானுங்க என்று சொன்னபோதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்றைக்குத் தாராபுரம் வரைக்கும் எத்தனை மைல், நாலு வயசுப் பிள்ளை, கால் வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் நடந்தாளே, எவ்வளவு சமத்து என்று அவரிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டோமே... தூக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா?